ரெவிட் புது வெர்ஷன் வந்தாச்சு, ஆபீஸ்ல எப்போ மாத்தறது?

வணக்கம் மக்களே. வருஷா வருஷம் ஏப்ரல் பக்கம் வந்தா, கட்டடத்த 3டி மாடலா வரையற சாஃப்ட்வேர் ரெவிட்டோட புது வெர்ஷன் இறங்கிடும், உடனே "எல்லா சிஸ்டத்துலயும் போட்டுடலாமா"ன்னு மெசேஜ் மேல மெசேஜ். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மாத்தற தேதிய ரெவிட் பண்ற கம்பெனி ஆட்டோடெஸ்க் முடிவு பண்ணக்கூடாது, உங்க ஆபீஸ்ல ஓடிட்டிருக்கற ப்ராஜெக்ட்தான் முடிவு பண்ணணும்.

அவங்களோட டிராயிங் சாஃப்ட்வேர் ஆட்டோகேட்ல, வெர்ஷன் மாறினா ஃபைல் திறக்காதுங்கற பிரச்னை அவ்வளவா கிடையாது. ஆட்டோகேட் 2018-ல வந்த டிடபிள்யூஜி ஃபைல் ஃபார்மட்தான் 2025 வரைக்கும் அப்படியே இருக்கு, அதுக்கும் பழசு வேணும்னா சேவ் ஆஸ் போட்டு 2013, 2010னு இறக்கிக் குடுத்துடலாம். ரெவிட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. ரெவிட் 2025 வெர்ஷன்ல ஒரு தடவை சேவ் ஆச்சுன்னா 2024-ல திறக்கவே திறக்காது.

இப்போ பாருங்க, சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி பில்டிங் பண்றீங்க, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கிண்டில, எம்இபி (ஏசி, கரன்ட், பிளம்பிங்) பாக்கறவங்க அண்ணாநகர்ல, எல்லாரும் 2024-ல இருக்காங்க, நீங்க மட்டும் மேல போயிட்டா உங்க மாடல அவங்களால லிங்க் பண்ணவே முடியாது. ஐஎஃப்சின்னு பொது ஃபார்மட்ல எடுத்துக் குடுக்கலாம்தான், ஆனா பைப்பும் பீமும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதான்னு வாராவாரம் கிளாஷ் பாக்கற நேரத்துல அது பெரிய தலைவலி. அதனால மொதல்ல கன்சல்டன்ட்டுக்கு போன் போடுங்க சார், அப்புறம் டவுன்லோட் பண்ணிக்கலாம்.

காசு இதுல மேட்டரே இல்ல. 2016-லயே ஆட்டோடெஸ்க் பெர்மனன்ட் லைசென்ஸ் விக்கறத நிறுத்திட்டாங்க, சப்ஸ்கிரிப்ஷன்ல புது வெர்ஷனும் சேர்ந்தேதான் வருது. போறது உங்க பசங்களோட நேரம். ரெவிட் 2025 வெர்ஷன்ல உள்ளுக்குள்ள ஓடற தளத்த டாட்நெட் 8-க்கு மாத்தினாங்கல்ல, அப்போ பழைய ஆட்-இன்களை (ரெவிட்டோட சேர்த்துப் போடற சின்ன சின்ன டூல்) அதுக்கு ஏத்த மாதிரி மறுபடி தயார் பண்ண வேண்டியிருந்துது, நீங்க நம்பிட்டிருக்கற ஆட்-இன் ரெடி ஆகாம மாறினா ஷீட் நம்பர் போடறதுல இருந்து எல்லாம் கையால.

என்னோட வழி இதுதான். சென்னைல கட்டட அனுமதி குடுக்கற சிஎம்டிஏ-க்கு போயிட்டு, சைட்டுக்கான ஒர்க்கிங் டிராயிங் ஓடற ப்ராஜெக்ட்ட தொடவே தொடாதீங்க, அது ஆரம்பிச்ச வெர்ஷன்லயே முடியட்டும், ஒரே சிஸ்டத்துல ரெண்டு மூணு வெர்ஷன் பக்கத்து பக்கத்துல தாராளமா ஓடும். கான்செப்ட்ல இருக்கற புது வேலைய புது வெர்ஷன்ல ஆரம்பிங்க, அதுவும் மொத அப்டேட் வந்தப்புறம்.

சிக்கல் எங்கன்னா நாலஞ்சு வருஷம் இழுக்கற ஹாஸ்பிடல் மாதிரி வேலைங்க. சப்ஸ்கிரிப்ஷன்ல இப்போ இருக்கறதும் அதுக்கு முந்தின மூணு வெர்ஷனும்தான் கிடைக்கும், புதுசா சேர்ற பையனுக்கு பழச இன்ஸ்டால் பண்ண முடியாம போயிடும், அப்போ நடுவுல மாத்தித்தான் ஆகணும். டெண்டர் செட் வெளிய போன உடனே ஒரு கேப் வரும்ல, அத புடிங்க.

மாத்தறதுக்கு முன்னாடி, எல்லாரும் சேர்ந்து வேலை பாக்கற சென்ட்ரல் ஃபைல்ல இருந்து டிடாச் பண்ணி தனியா பிரிச்ச காப்பில ட்ரை பண்ணுங்க. மாடல்ல ரெவிட் காட்டற வார்னிங் எத்தனைன்னு முன்ன பின்ன குறிச்சு வைங்க, அதே ஷீட்ட ரெண்டு வெர்ஷன்லயும் பிடிஎஃப் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. டைட்டில் பிளாக்ல ஜெனரல் நோட்ஸ் ஒரு வரி கீழ இறங்கி ரிவிஷன் பாக்ஸ் மேல ஏறியிருக்கா, ஸ்டேர் ரெய்லிங் திருப்பத்துல விட்டுப் போயிருக்கா, டோர் ஷெட்யூல்ல எண்ணிக்கை அதேதானான்னு பாருங்க. இத ஒரு சீனியர் உக்காந்து பாக்கணும், அவசரத்துல ஜூனியர் தலைல கட்டிடாதீங்க.

எல்லாம் ஓகேன்னா ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கன்சல்டன்ட்டும் அதே நாள்ல மாறற மாதிரி பேசி வச்சுக்கோங்க. எல்லாரும் அவங்கவங்க வேலைய சென்ட்ரல் ஃபைலோட சிங்க் பண்ணி, கைல வச்சிருக்கற பகுதிய ரிலிங்க்விஷ் பண்ணி விட்டுட்டு வெளிய வரணும், பழைய சென்ட்ரல் ஃபைல ரீட் ஒன்லி ஆக்கி தனி ஃபோல்டர்ல போட்டுடுங்க, புது ஃபைல் பேர்லயே வருஷத்த சேத்துடுங்க. திங்கக்கிழமை காலைல வந்ததும் அவங்கவங்க சிஸ்டத்துல இருக்கற பழைய லோக்கல் ஃபைல அழிச்சுட்டு புதுசா ஒண்ணு எடுத்துத்தான் யாரா இருந்தாலும் ஆரம்பிக்கணும்.