கிருஷ்ணகிரியில இருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல வடக்கே போனா என்னென்ன மாறும்?

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரி மேம்பாலம் பக்கத்துல நிக்கிறேன். லாரிச் சத்தம் ஓயாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கேமராவத் திருப்புறேன், பாருங்க. இந்தப் பக்கம் ஓசூர், பெங்களூரு. இது வேலூர் வழியா சென்னை. இது தர்மபுரி, சேலம், மதுரை, கடைசியா கன்னியாகுமரி. இது போதாதுன்னு குப்பத்துக்கு ஒரு ரோடு, திருவண்ணாமலைக்கு ஒரு ரோடு. நாட்டோட ரெண்டு பெரிய நெடுஞ்சாலை, 44-ம் 48-ம், இந்த ஊர்லதான் சேருது. பெங்களூரு வரைக்கும் ஒண்ணா போயிட்டு அங்க பிரியுது. 48 மும்பை, அகமதாபாத், ஜெய்ப்பூர்னு சுத்திக்கிட்டு டெல்லி போகும். 44 ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி தாண்டி ஸ்ரீநகர் வரைக்கும். இங்கிருந்து ஸ்ரீநகர் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர்.

இன்னைக்கு அந்த 44 பத்தித்தான். வண்டி எடுத்துட்டுப் போறவங்களுக்கும் உதவும், வீட்ல உக்காந்து மேப் பாக்குறவங்களுக்கும் உதவும். மாநிலத்துக்கு ஒரு கலர் அடிச்ச மேப் இருக்குதில்ல, அத மடிச்சு வச்சிருங்க. மண்ணு, மழை, மேடு பள்ளம் இந்த மூணும் காட்டுற மேப் எடுங்க. தட்டுல விழுற சோறு, வீட்டுக் கூரை, விதைக்கிற மாசம், எல்லாம் அதுலதான் இருக்குது. மாநில எல்லையில மாறுறது போர்டும் டீசல் விலையும்தான்.

முதல்ல ஒரு கணக்கு. கிருஷ்ணகிரி 78 டிகிரி கிழக்கு தீர்க்கக்கோட்டு மேல இருக்குது. குவாலியர், ஆக்ரா ரெண்டும் அதே 78. ஹைதராபாத் 78½, நாக்பூர் 79, டெல்லி 77. அதாவது டெல்லி வரைக்கும் இந்த ரோடு கிழக்கேயும் மேற்கேயும் பெருசா வளையாம நட்டுக்குத்தா வடக்க ஏறுது. 1802-ல மெட்ராஸ்ல வில்லியம் லாம்ப்டன்ங்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஆரம்பிச்ச பெரிய நில அளவை இருக்குதே, அதோட முதுகெலும்பும் இந்த 78 டிகிரிதான். இதனால நமக்கு என்ன? வழி முழுக்க உச்சி வெயில் ஏறக்குறைய ஒரே நேரத்துல வரும். ஆனா பகலோட நீளம் மாறும். டிசம்பர் கடைசியில நம்ம ஊர்ல பகல் 11½ மணி நேரம் கிட்ட இருக்கும். ஸ்ரீநகர்ல 10 மணி நேரம்கூட வராது. வெளிச்சத்துலயே ஓட்டி முடிக்கணும்னு நினைக்கிறவங்க வடக்கே போகப் போக தினசரி தூரத்தக் குறைச்சுக்கணும். நிறைய பேர் போடுற பிளான் இங்கதான் கவுருது.

சரி, மேடு பள்ளம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 சொச்சம், தர்மபுரி அதவிடக் கொஞ்சம் கீழ, சேலம் 300-க்கும் கீழ. மைசூர் பீடபூமி படிப்படியா இறங்குற இடத்துலதான் நம்ம ரெண்டு மாவட்டமும் இருக்குது. ஓசூர்ல ரோஜா, நம்ம பக்கம் பெங்களூரா ரக மாம்பழமும் மாங்கூழ் ஃபேக்டரியும், ராயக்கோட்டையில தக்காளின்னு பிரிஞ்சு நிக்கிறதுக்கு இந்தப் படிதான் காரணம். 50 கிலோமீட்டருக்குள்ள ராத்திரிக் குளிர் மாறிடும்.

கடைசிப் படி தொப்பூர். தர்மபுரியில இருந்து சேலம் இறங்குறப்ப வர்ற கணவாய். அங்க விபத்துன்னு வாரா வாரம் செய்தி படிக்கிறோம். ஏன்னு சொல்றேன். லோடு வண்டிக்காரங்க சில பேர் டீசல் மிச்சம்னு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுருவாங்க. கியர்ல இருந்தா என்ஜினே வண்டியப் பிடிச்சு இழுக்கும். நியூட்ரல்ல அந்தப் பிடி கிடையாது. மொத்த எடையும் பிரேக் மேல விழும். தொடர்ந்து மிதிச்சா டிரம் சூடாகும், லைனிங் பிடிப்ப இழக்கும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. ஏறுறதுக்கு எந்த கியரோ இறங்குறதுக்கும் அதே கியர். பிரேக்க மிதிச்சு விடணும், மிதிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. கார்க்காரங்க இறக்கத்துல லாரிக்கு நேர் முன்னாடி போகாதீங்க. இதே விதிதான் பின்னாடி ஜம்மு மலையிலயும்.

இப்ப மொழி. வேப்பனப்பள்ளி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ்னு வளர்ற பிள்ளைங்க நிறைய. கிருஷ்ணகிரி டவுன்ல தக்கினின்னு சொல்ற தக்காண உருது. மாநில எல்லைய மொழி வச்சு 1956-ல பிரிச்சாங்க. ஜனங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே கலந்து உக்காந்துட்டாங்க. இதோட பலன் ரோட்ல தெரியும். பெங்களூரு தாண்டி சிக்கபள்ளாபூர், அடுத்து பாகேபள்ளி. பாகேபள்ளி கர்நாடகாதான், ஆனா கடைத்தெருவுல காதுல விழுறது தெலுங்கு. கொஞ்சம் தெலுங்கும் கொஞ்சம் தக்கினியும் காதுல விழுந்து வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரருக்கு ஆதிலாபாத் வரைக்கும் கவலையே இல்ல. சென்னைக்காரங்க கோச்சுக்கக் கூடாது, இதுல நாங்க கொஞ்சம் முன்னாடிதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்க கொஞ்ச நேரம் நிப்பேன், ஏன்னா இந்த ரோட்டோட கதையே தட்டுலதான் இருக்குது.

நம்ம செம்மண்ணு தண்ணியப் பிடிச்சு வைக்காது. மழை பெஞ்ச ரெண்டு நாள்ல காஞ்சிரும். அதத் தாங்குறது கேழ்வரகு. பையூர் ஆராய்ச்சி நிலையத்துல இதுக்குன்னே ரகம் போட்டிருக்காங்க. களி கிண்டுற முறை தெரியாதவங்களுக்கு: ஒரு பங்கு அரிசி நொய்ய ஆறு பங்கு தண்ணியில குழைய வேக வைங்க. உப்பு போடுங்க. ரெண்டு பங்கு கேழ்வரகு மாவ நடுவுல குவியலா கொட்டுங்க, கிளறாதீங்க. துடுப்புக் காம்பால குவியல் நடுவுல ஒரு குழி போட்டு மூடி, சின்னத் தீயில பத்து நிமிஷம். குழி வழியா நீராவி ஏறி மாவு உள்ள வரைக்கும் வேகும். அப்புறம் இறக்கி, பாத்திரத்தக் காலால இடுக்கிக்கிட்டு துடுப்பால சுழட்டிக் கிண்டணும். கட்டி தட்டுதுன்னா பொறுக்காம முன்னாடியே கிளறிட்டீங்கன்னு அர்த்தம். கையில ஒட்டுதுன்னா மாவு வேகல. ஈரக்கையில தொட்டா ஒட்டக் கூடாது, அதான் பக்குவம். தொட்டுக்க கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ.

இதே உருண்டை கர்நாடகாவுல முத்தே. அங்க பெரும்பாலும் நொய் போட மாட்டாங்க, வெறும் மாவு. அதனால இன்னும் கெட்டியா, வழவழன்னு இருக்கும், மெல்லாம முழுங்கணும். அனந்தபூர் போனா சங்கட்டி; திரும்ப அரிசி சேரும், நம்ம களிக்குக் கிட்ட வந்துரும். மூணு மாநிலம், மூணு பேரு, ஒரே செம்மண்ணு.

போற வழியில நந்தி மலைப் பக்கத்தக் கவனிங்க. அந்த மலைக் கூட்டத்துல பொறக்குற ஒரு ஆறு தெற்கால வந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர்னு தேங்கிக் கடலூர்கிட்ட கடல்ல சேருது, நம்ம தென்பெண்ணை. இன்னொண்ணு வடக்கால போயி நெல்லூர் பக்கம் கடல்ல விழுது, அது பென்னா. பாமிடியில 44 அந்த பென்னாவக் கடக்கும். பெரும்பாலும் மணல்தான் தெரியும். அனந்தபூர்ல வருஷத்துக்கு 550 மில்லிமீட்டர் அளவுதான் மழை. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத்தொடர்ச்சி மலையிலயே மழையக் கொட்டிட்டு வறண்டு வருது; வடகிழக்குப் பருவமழை அவ்வளவு உள்ள வந்து சேர்றதுக்குள்ள வலு போயிடுது. ரெண்டு பக்கமும் கைவிட்ட இடம். நிலக்கடலைய நம்பி நிக்கிற ஊர்.

கர்னூல்ல துங்கபத்ரா. அங்கிருந்து கறுப்பு மண்ணு கூடிக்கிட்டே போகும். அடுத்து கிருஷ்ணா, ஹைதராபாத் தாண்டினா நிர்மலுக்கு முன்னாடி கோதாவரி. கரிசலோட குணம் செம்மண்ணுக்கு நேர் எதிர். மழைத் தண்ணிய மாசக் கணக்குல உள்ள வச்சிருக்கும். அதனால மழை நின்ன பிறகு விதைச்சாக்கூட அந்த ஈரத்துலயே சோளம் வெளைஞ்சிரும், ஆதிலாபாத்ல பருத்தி. பைக்ல போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: மழை பெஞ்சு ரெண்டு நாளைக்கு தார் ரோட்ட விட்டு கரிசல்ல இறக்காதீங்க. மண்ணு டயர்ல அப்பி, மட்கார்டுக்குள்ள இறுகி, சக்கரமே சுத்தாது. குச்சியால நோண்டித்தான் எடுக்கணும்.

தட்டு மாறுறதும் இங்கதான். களி போயி சோள ரொட்டி. சோள மாவுல கோதுமை மாதிரி பசைத்தன்மை கிடையாது, கட்டையால தேச்சா விரிஞ்சு பிஞ்சுரும். அதான் கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைஞ்சு கையாலயே தட்டுறாங்க. சுடச்சுட தின்னுரணும், ஆறினா வெறச்சுக்கும்.

ஆதிலாபாத்தோட நம்ம திராவிட மொழிங்க முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க நிறைய. இல்ல. அங்க மலையில கோலாமி, கோண்டி. கோண்டி நாக்பூர் தாண்டி மத்தியப் பிரதேசம் சிவனி, சிந்துவாரா வரைக்கும் போகுது. 2011 கணக்குல அது பேசுறவங்க கிட்டத்தட்ட 30 லட்சம். மேப்ல இந்திக் கலர் அடிச்ச இடத்துக்கு நடுவுல நம்ம மொழிக் குடும்பத்து ஜனங்க. சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவுல பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டுக்குள்ள ரோடு தூண் மேல போகும், புலியும் மானும் கீழ கடந்து போறதுக்காக. வண்டிய நிறுத்தி எட்டிப் பாக்காதீங்க, தயவு செஞ்சு.

அடுத்து நரசிங்பூர் தாண்டி நர்மதா, சாகர் போறதுக்குள்ள கடகரேகை. இதுக்கு மேல கோதுமை. ஏன் நம்ம ஊர்ல கோதுமை பெருசா இல்ல? நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ராத்திரி நல்லா குளிரணும், அப்பதான் கதிர் பிடிக்கும். நமக்கு அந்தக் குளிர் இல்ல. அங்க இந்தின்னு பொதுவாச் சொன்னாலும் ஜான்சியில புந்தேலி, மதுரா பக்கம் பிரஜ், ஹரியானாவுல வேற தினுசு. பள்ளிக்கூட இந்தி கத்துக்கிட்டுப் போறவங்க டீக்கடையில முழிக்கிறது இதனாலதான். மொரேனா, தோல்பூர் நடுவுல சம்பல் பள்ளத்தாக்கு. மழை மண்ண அரிச்சு அரிச்சு உண்டாக்கின ஓடைக்காடு.

ஆக்ராவுல இருந்து அம்பாலா வரைக்கும் வேகமா தாண்டிரலாம், ரோடு அகலம். ஒரே பயம் டிசம்பர், ஜனவரி மூடுபனி. சமவெளி, காத்து நிக்கும், வயல் ஈரம், குளிர் தரையில படியும், பத்தடி தள்ளி ஒண்ணும் தெரியாது. ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும். நடு ரோட்டுல மட்டும் நிறுத்தாதீங்க. காலையில பத்து மணிக்கு மேல கெளம்புங்க, அவ்வளவுதான். பஞ்சாப் பத்தி தனி வீடியோ போடலாம், கால்வாயும் நெல்லும் நிலத்தடி நீரும் பெரிய கதை.

ஜம்மு ஏறினா ரோடோட குணமே மாறும். செனானி–நாஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல, 2017-ல திறந்தது. பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 8½ கிலோமீட்டர், 2021. பழைய ஜவஹர் சுரங்கம் வரைக்கும் ஏறி இறங்குற கஷ்டம் போச்சு. ஆனா ராம்பன் பக்கம் மலை இன்னும் சரியுது. இளசான மலை, நொறுங்குற பாறை, மழை வந்தா கல்லு உருளும். முந்தின நாள் ராத்திரி ஜம்மு காஷ்மீர் டிராஃபிக் போலீஸ் அறிவிப்பப் பாக்காம கெளம்பாதீங்க. எந்தப் பக்கம் எத்தனை மணி வரைக்கும் விடுவாங்கன்னு அதுல இருக்கும். வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்க எடுக்காது. போஸ்ட்பெய்டு வேணும், இல்ல அங்க போயி புதுசா வாங்கணும். மேப்ப முன்னாடியே டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க.

பனிஹால் சுரங்கத்த விட்டு வெளிய வந்ததும் பாக்குறது என்ன தெரியுமா? நெல்லு வயல். நாக்பூருக்கு வடக்கே ரொட்டி ரொட்டின்னு வந்துட்டு, கடைசியில திரும்பச் சோறு. ஜீலம் ஆத்துத் தண்ணியும் மட்டமான பள்ளத்தாக்கும் இருக்குது, நெல்லு வருது. குளிர் ஜாஸ்தி, அதனால வருஷத்துக்கு ஒரே போகம். ஜூன்ல நட்டு செப்டம்பர் கடைசியில அறுப்பாங்க. தொட்டுக்க ஹாக்னு ஒரு கீரை, கடுகெண்ணெயில. சோறும் கீரையும் சாப்பிடுற வீட்டுக்கு நம்ம ஜனம் போனா பசியோட வர மாட்டாங்க.

ஸ்ரீநகருக்குக் கொஞ்சம் முன்னாடி பாம்பூர், குங்குமப்பூ. பூக்குறது அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம். அதக் கணக்கு வச்சு இங்கிருந்து அக்டோபர் ரெண்டாவது வாரம் கெளம்புங்க. ஜான்சி வெயில் அடங்கியிருக்கும், மூடுபனி வந்திருக்காது, ராம்பன்ல மழைக்காலம் முடிஞ்சிருக்கும். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேண்டாம். பூவ வயல்லயே விடிகாலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிப்பாங்க; ஒரு பூவுக்குள்ள செக்கச் செவேல்னு மூணு இழை, அது மட்டும்தான் குங்குமப்பூ, மத்ததெல்லாம் கழிவு. ரோட்டோரக் கடையில தூளா விக்கிறத வாங்காதீங்க, இழையா வாங்குங்க. ரெண்டு இழைய வெந்நீர்ல போட்டா நிறம் மெதுவா இறங்கணும், இழை சிவப்பாவே இருக்கணும். போட்ட உடனே தண்ணி சிவந்து இழை வெளுத்துப் போச்சுன்னா சாயம்.

கிருஷ்ணகிரியில இருந்து வடக்கே போற இந்த வழியில வடகிழக்கு வராது, கடற்கரை வராது, பாலைவனமும் வராது. அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போறதுன்னா முன்னாடியே உள்நுழைவு அனுமதிச் சீட்டு எடுக்கணும். அது எப்படின்னு அடுத்த வீடியோ. இப்ப லாரி திரும்புது, நான் ஓரம் போறேன். பாப்போம் மக்களே.