கிணற்றடியில் நின்ற மரம்

நேயர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற பழைய வீடு ஒன்றுக்குச் சென்ற தை மாதத்தில் என்னை அழைத்திருந்தார்கள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் அந்த வீட்டை, முன்னோரை வழிபடும் படைப்புக்காகத் திறந்தபோது, பின்கட்டுக் கிணற்றடியில் முள்ளும் காயுமாக ஒரு மரம் தழைத்து நின்றிருக்கிறது. பெரிய ஆச்சி அதை நார்த்தை என்றார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கடாரங்காய் என்றார். வீட்டுக்காரரோ, தாம் சாத்துக்குடி ஒட்டுக்கன்று என்று கேட்டு வாங்கி வைத்ததாக உறுதியாகச் சொன்னார். தாவரவியல் நடத்திய வாத்தியார் என்பதால், தீர்ப்புச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட மரத்தின்முன் நின்றதும் எல்லாரும் காயைத்தான் பறிக்கிறார்கள். நான் இலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ஆனால் கறிவேப்பிலையும் வில்வமும் விளாவும் எலுமிச்சையின் குடும்பமே என்பதால், இந்தப் புள்ளி மட்டும் போதாது. நம் பக்கத்துக் காடுகளில் தானாக வளரும் குருந்தும் எலுமிச்சை போலவே முள்ளும் சிறு காயும் காட்டி ஏமாற்றும். ஆவுடையார்கோயிலின் தலமரமான அந்தக் குருந்துக்கு இலை நுனியில் சிறு பிளவு இருக்கும். நான் பார்த்த மரத்தில் அது இல்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது இலைக்காம்பு. எலுமிச்சை இனங்களில் பலவற்றுக்குக் காம்பின் இருபுறமும் சிறகு போன்ற விரிவு உண்டு; காம்பும் இலையும் சேருமிடத்தில் ஒரு கணுவும் உண்டு. பம்பளிமாசுக்கு அச்சிறகு, பெரிய இலைக்குக் கீழே இன்னொரு சிறிய இலை ஒட்டியதுபோல அகன்றிருக்கும். சாத்துக்குடிக்கு அது ஒடுங்கியது. சிட்ரஸ் மெடிக்கா என்று நூல்கள் குறிக்கும் கெட்டித்தோல் நார்த்தைக்குச் சிறகும் இல்லை, கணுவும் தெளிவாக இல்லை. நார்த்தை, கடாரங்காய், கொழிஞ்சி ஆகிய பெயர்களை ஊருக்கு ஊர் வெவ்வேறு மரங்களுக்கு வழங்குவதால், பெயரை வைத்து வாதாடுவதில் பயனில்லை என்று ஆச்சியிடம் பணிவாகச் சொன்னேன், அவர்கள் ஒப்பவில்லை.

கிணற்றடி மரத்தின் காம்பில் சிறகு ஒரு கோடு அளவுக்கே இருந்தது. கணு தெளிவாக இருந்தது. மொட்டுகளின் வெளிப்புறத்திலும் இளந்தளிரிலும் கத்தரிப்பூச் சாயல் ஓடியது. சாத்துக்குடியின் பூ தூய வெண்மை. ஆகவே வீட்டுக்காரரின் கட்சி அங்கேயே தளர்ந்துவிட்டது. அவர் தரப்பில் இருந்த ஒரே வாதம், காய் இன்னும் பச்சையாக இருக்கிறது, பழுத்தால் மாறிவிடும் என்பது. இரவுக் குளிர் குறைந்த நம் ஊரில் முற்றிய சாத்துக்குடிகூடத் தோலில் பச்சை மாறாமல் நிற்கும் என்பதால், நிறத்தை நான் சாட்சியாக ஏற்பதில்லை. அறுத்துப் பார்த்தோம்: கரடுமுரடான தடித்த தோல், நடுவே பொள்ளல், நிறைய விதை, பல் கூசும் புளிப்பு.

விடை அடிமரத்தில் இருந்தது. சருகை விலக்கியபோது, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பட்டுப்போன ஒரு கட்டையும், அதற்குக் கீழிருந்து கிளம்பிய மூன்று தடித்த கிளைகளும் தெரிந்தன. சாத்துக்குடியின் மொட்டை ஜம்பேரி எனப்படும் கரட்டு எலுமிச்சையின் தண்டில் செருகி, அதாவது மொட்டுக் கட்டி, வளர்ப்பது நாற்றங்கால்களில் பெருவழக்கு. வீடு பூட்டிக் கிடந்த கோடைகளில் மேலே கட்டிய சாத்துக்குடி காய்ந்துவிட, கீழே வேர்ச்செடியாக இருந்த, வறட்சி தாங்கும் ஜம்பேரி தழைத்து மரமாகிவிட்டது. கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று இத்தனை நாள் ஏசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

எலுமிச்சை இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. 2018-இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு, பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து புளிப்பு ஆரஞ்சு உண்டானதையும், அதனோடு சிட்ரஸ் மெடிக்கா கலந்து லெமன் உண்டானதையும் காட்டியது. ஆகவே விதை போட்டு முளைத்த மரமென்றால், என் அடையாளங்கள் எல்லாம் இருந்தும் திட்டமாகப் பெயர் சொல்ல முடியாமல் போகலாம்.

மரத்தை வெட்ட வேண்டாம் என்றேன். வேர் நன்றாக இருப்பதால், ஒரு கிளையைக் குறைத்து, அதில் எழும் இளங்கிளையில் மீண்டும் சாத்துக்குடி மொட்டுக் கட்டலாம். கட்டுக்குக் கீழே வரும் துளிர்களை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிட ஆள் வேண்டும். மற்ற இரண்டு கிளைகளையும் ஆச்சி ஊறுகாய்க்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காயைச் சுருளாக அரிந்து உப்பை அடைக்கும்போதும் அவர்கள் அதை நார்த்தங்காய் என்றே சொன்னார்கள்.