லீவை எந்த நாளில் எடுப்பது?

மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் நர்சம்மாக்களுக்கு வணக்கம். பின்வரிசையில் நிற்கும் கணவன்மார்களும் கவனியுங்கள். கடைசிப் பகுதி உங்களுக்கானது.

நான் பேசப் போவது, டிப்ளமோ முடித்த நர்சுகளுக்கான 2 ஆண்டு பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பற்றி. அதில் சேரும் வயதில் பலருக்குக் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

நேரம் போதவில்லை என்று புலம்புமுன் வருகைக் கணக்கைப் பாருங்கள். தேர்வெழுத 80 சதவீதம் போதும். ஆனால் பட்டம் கைக்கு வருவதற்குள் கிளினிக்கல், அதாவது வார்டுப் பயிற்சி, 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 60 மணி நேரத் தியரிப் பாடத்தில் 12 மணி நேரம் விட்டாலும் தேர்வுக்குப் போகலாம். வார்டில் விட்ட நாளையோ பிறகு நின்று ஈடுகட்டித்தான் தீர வேண்டும். அதனால் குழந்தைக்கான லீவு முடிந்தவரை தியரி நாளில் விழட்டும். லீவை நாள் கணக்கில் எழுதாதீர்கள். பாடவாரியாக மணிக்கணக்கில் எழுதுங்கள். செவ்வாய்தோறும் லீவு போட்டால் அன்றைக்கு வரும் ஒரே பாடம் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். அது கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வு சமயத்தில்தான் கண்ணில் படும்.

முன்கூட்டியே தெரிகிற லீவு தடுப்பூசி லீவுதான். 6, 10, 14 வாரம். அப்புறம் 9 முதல் 12 மாதத்துக்குள் தட்டம்மை ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர். புதன்கிழமை ஊசி என்றால் அன்றிரவோ வியாழனோ உடம்பு சுடும். 6, 10, 14 வார ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். பூஸ்டருக்கு மாதக்கணக்கில் இடமிருக்கிறது. எந்த வாரம் எந்த வார்டு என்று சொல்லும் போஸ்டிங் அட்டவணையைப் பார்த்து, தியரி வாரமாகத் தேர்ந்தெடுங்கள்.

தாய்ப்பால் விஷயத்தில்தான் தவறு அதிகம். பீய்ச்சிய பால் 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் தாங்கும், பிரிட்ஜில் 4 நாள். அந்த 4 மணி நேரம் ஏற்காட்டுக்குச் சரி, சித்திரை மாதச் சேலம் அஸ்தம்பட்டிக்குச் சரிப்படாது. பீய்ச்சியதும் ஐஸ் வைத்த பையில் போட்டுவிடுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வெதுவெதுப்பாக்க வேண்டும். குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மாமியாருக்குக் கொட்ட மனம் வராது, நியாயம்தான். 60 மில்லி அளவாகப் பிரித்து வைத்தால் மிஞ்சுவதும் குறையும், வீட்டில் பேச்சும் குறையும். வார்டில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டும். விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பால் சுரப்பும் குறையும். போஸ்டிங்கின் முதல் நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். இதற்கு வெட்கப்படுவது நர்சுக்கு அழகல்ல.

நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் கேர் பிளானை வீட்டில் ராத்திரி எழுதலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். பிள்ளையைத் தூங்க வைக்கப் போய் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். விவரங்களை வார்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுக்கும் குறுக்குவழி வேண்டாம், அது நோயாளியின் இரகசியம்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவு, ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு. அந்த மாதங்களில் கிளினிக்கல் விழுந்தால் சேலத்தில் தங்க இடத்தை முன்பே பேசி வையுங்கள்.

இனி பின்வரிசைக்கு. "சொல்லு, செய்கிறேன்" என்பது உதவியில்லை. சொல்வதே உங்கள் மனைவிக்கு இன்னொரு வேலை. மாலைப் பொறுப்பு ஒன்றை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்: பால்வாடியிலிருந்து அழைத்து வருவது, சோறூட்டுவது, அவர் யூனிபாரம் மாற்றிக் குளித்து வரும்வரை பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது. யூனிபாரத்தைப் பிள்ளைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். பால்வாடி டீச்சரிடம் முதல் எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். வார்டில் இருக்கும்போது அவர் போன் லாக்கரில் கிடக்கும்.