கற்பனை அணிக்கு உயிர் தருவது ராசியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கதையில் வரும் பேஸ்பால் அணிக்கு உயிர் தருவது ஊர்ப்பகையா, ராசி சகுன நம்பிக்கையா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளின் பகையை எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கிவிட்டார். பகை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு கதாசிரியர் புதிதாக ஓர் அணியை உருவாக்க உட்காரும்போது அந்தப் பகை அவருக்கு என்ன தரும்? எதிரே நிற்க ஓர் அணியைத் தரும். பெஞ்சில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருக்கிற ஆட்டக்காரனை அது தராது. அவனைத் தருவது ராசி நம்பிக்கைதான்.

காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்தால் அவர் நட்சத்திரம். மீதி ஏழு முறை தலையைத் தொங்கப்போட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஜார்ஜ் க்மெல்ச் என்பவர் முதலில் பேஸ்பால் ஆட்டக்காரர், பிறகு மானிடவியலாளர். அவர் கவனித்துச் சொன்னது இது: பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் சடங்குகள் கொட்டிக் கிடக்கின்றன, பந்து பிடிப்பதில் அனேகமாக இல்லை. ஏனென்றால் பிடிப்பவர் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. நிச்சயம் இல்லாத இடத்தில்தான் மனிதன் சகுனம் பார்க்கிறான். நிச்சயம் இல்லாத இடத்தில்தானே ஐயா கதையும் பிறக்கிறது?

ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, ஓர் ஒழுங்கான அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழைக் கடந்துவிட்டார் என்று வையுங்கள். பெஞ்சுக்கு வந்து உட்காருகிறார். பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து தள்ளிப் போகிறார். யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். அந்தச் சாதனையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், சொன்னால் போய்விடும் என்று பயம். அரங்கமே கத்திக்கொண்டிருக்க, சொந்த அணிக்கு நடுவில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பகையை வைத்து இப்படி ஒரு காட்சி எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்!

அப்புறம் வேட் பாக்ஸ். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் கோழிக்கறி சாப்பிட்டவர், மூவாயிரம் ஹிட்டுக்கு மேல் அடித்தவர். பாஸ்டனுக்கு ஆடிக்கொண்டிருந்தவர் 1993-இல் யாருக்கு ஆடப் போனார்? நியூயார்க் யாங்கீஸுக்கு! தோழி ஜென்மப் பகை என்றாரே, அதே அணிக்கு. சட்டையை மாற்றிக்கொண்டார், கோழியை விடவில்லை. ஒரு பாத்திரத்தைப் படைக்கிறவர் இதில் எதைப் பிடித்துக்கொள்வார்?

நியூயார்க் ஜயன்ட்ஸின் பிட்சர் கிறிஸ்டி மாத்யூசன் 1912-இல் வந்த தம் புத்தகத்தில் சகுனத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதில் ஒரு சம்பவம். ஒரு வீரர் வரும் வழியில் காலிப் பீப்பாய் ஏற்றிய வண்டியைப் பார்த்தாராம், அன்று அடித்து நொறுக்கினார். அடுத்தடுத்து மற்றவர்களும் பார்த்தார்கள், அவர்களும் அடித்தார்கள். அணியே பீப்பாய் வண்டியைத் தேட ஆரம்பித்தது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் கண்ணில் படும்படி அந்த வண்டியை வாடகைக்கு அமர்த்தி ஓட்டவிட்டவர் மேலாளர் ஜான் மெக்ரா! தன் பிள்ளைகள் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்த மனிதர் அவர். கற்பனை அணிகளில் வரும் மேலாளர்களுக்கெல்லாம் நான் இவரைத்தான் மூதாதை என்பேன்.

சரி, கற்பனை அணிக்கே வருவோம். 1950-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என்ற நிஜ அணி, தோல்விமேல் தோல்வி தாங்காமல் ஒரு மனோவசியக்காரரை வேலைக்கு வைத்தது. 1952-இல் பெர்னார்ட் மாலமுட் 'தி நேச்சுரல்' நாவலை எழுதுகிறார். அதில் நியூயார்க் நைட்ஸ் என்றொரு கற்பனை அணி. அங்கேயும் ஒரு மனோவசியக்காரர்! நாயகன் ராய் ஹாப்ஸின் கையில் மின்னல் பிளந்த மரத்தில் அவனே செதுக்கிய பேட், பெயர் வொண்டர்பாய். 1984-இல் வந்த திரைப்படத்தில் அவன் சட்டைக் கையில் ஒரு மின்னல் சின்னம் வருகிறது, பிறகு ஒவ்வொருவர் கையிலும் வருகிறது, கடைசி இடத்தில் கிடந்த அணி எழுந்து நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் நைட்ஸ் யாரோடு மோதினார்கள் என்று கேளுங்கள், பலருக்குச் சட்டென்று வராது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். அந்த பேட்டை மறந்தவர் யாராவது உண்டா?

1954-இல் டக்ளஸ் வாலப் எழுதிய நாவலைத் தோழி தம் பக்கத்துச் சாட்சியாகக் காட்டினார். யாங்கீஸ்மேல் வெறுப்பு, அதனால் வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற அணியின் ரசிகர் ஒருவர் இளம் வீரராகி அவர்களை எதிர்க்கிறார். உண்மைதான். 1949 முதல் 1953 வரை ஐந்து வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற அணிமேல் வெறுப்பு வராமல் இருக்குமா? ஆனால் அவர் எப்படி இளம் வீரரானார் என்பதைத் தோழி சொல்லாமல் விட்டுவிட்டார். சாத்தானிடம் ஆன்மாவை விற்று! வெறுப்பு மட்டும் வாலப்புக்குப் போதவில்லை, சாத்தானை அழைத்துவரத்தான் வேண்டியிருந்தது.

கடைசியாக, தோழி பெரிதாக நம்பியிருக்கிற பாஸ்டன் கதை. 1919 டிசம்பரில் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டார் பாஸ்டன் உரிமையாளர். 1918-இல் வென்ற பட்டம் மறுபடி வரவில்லை, அதை ரூத்தின் சாபம் என்றார்கள். பாஸ்டனில் வளைவு வருகிறது என்று எச்சரித்த 'ரிவர்ஸ் கர்வ்' என்ற ஒரு சாலைப் பலகையில் யாரோ பெயின்ட் அடித்து 'ரிவர்ஸ் தி கர்ஸ்', அதாவது 'சாபத்தைத் திருப்பு' என்று மாற்றிவிட்டார்கள். வருடக்கணக்கில் அது அப்படியே இருந்தது.

2004 அக்டோபர் 20. இறுதித் தொடருக்கு முந்தைய தொடரில் முதல் மூன்று ஆட்டம் தோற்று, பிறகு நான்கையும் வென்று, யாங்கீஸை அவர்கள் மண்ணிலேயே பாஸ்டன் வீழ்த்தியது. பகைதான் கதையின் உயிர் என்றால் அன்று இரவே கதை முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, இறுதித் தொடரில், எந்த ஜென்மப் பகையும் இல்லாத செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்குக்கு நான்கு வென்ற பிறகுதான், 86 வருடச் சாபம் தீர்ந்தது என்று அந்த ஊர் அழுதது. அதன் பிறகுதான் அந்தப் பலகையையும் இறக்கினார்கள். அந்த ஒரு வாரம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருந்தது என்பதற்கு எதிரணி பதில் சொல்லட்டும் என்று கேட்டு, தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.