இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இது நேற்று எடுத்த கிளிப். ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, வண்டி எப்படி உதறுகிறது பாருங்கள், டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரே ஆடுகிறார். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார். ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், அது தேய்ந்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறும். பெட்ரோலைப் பற்றவைக்கத் தீப்பொறி விடும் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். சரி, நாமே பார்த்துவிடலாம்.

நேற்று இரவு பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினேன். காரணம் இருக்கிறது. பிளக்கின் முனை 450, 500 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் அதில் படிந்த கரி தானாக எரிந்துபோகும். வெறும் ஐடிலில் ஓடவிட்டுக் கழற்றினால் நல்ல பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். இப்போது இன்ஜின் நன்றாக ஆறிவிட்டது. ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துவிடும், அந்தச் செலவு நமக்கு வேண்டாம்.

பிளக்குக்கு மேலே உட்கார்ந்து அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலின் கனெக்டரில் இருக்கும் லாக் பழைய வண்டிகளில் அப்பளம் மாதிரி நொறுங்கும், மெதுவாக அழுத்துங்கள். ஒன்று... இரண்டு... அட, இங்கே பாருங்கள். 2-வது சிலிண்டரின் பிளக் இருக்கும் குழிக்குள் ஆயில் தேங்கி நிற்கிறது. பிளக்கின் மேல் மாட்டும் காயிலின் ரப்பர் உறை, அதாவது பூட், அதுவும் ஊறிப்போயிருக்கிறது. இப்படி இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றாதீர்கள், மொத்த ஆயிலும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கம்பியில் துணியைச் சுற்றி ஒற்றி எடுத்துவிடுகிறேன். மற்ற குழிகளில் மண்தான் இருக்கிறது, சைக்கிள் பம்பால் ஊதிவிட்டால் போதும்.

நாலையும் கழற்றியாகிவிட்டது. முட்டை அட்டையில் நம்பர் எழுதி வரிசையாக வைத்திருக்கிறேன். துடைக்காதீர்கள், நமக்கு வேண்டியதே அந்த அழுக்குதான். ஒரு பிளக்கைத் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் புரியாது. நாலையும் பக்கத்தில் வைத்து, கூட்டத்தில் எது மாறி நிற்கிறது என்று பாருங்கள்.

1, 3, 4 மூன்றும் இளம் பழுப்பு, அதாவது சரியாக எரிகிறது. 2 மட்டும் கறுப்பு. இதைத்தான் கவனிக்க வேண்டும். விரலால் தொடுகிறேன், காய்ந்த கரி, பொடியாக உதிர்கிறது. ரிங் போய் ஆயில் ஏறியிருந்தால் முனை பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். இதில் ஈரமெல்லாம் மேல்பக்கம்தான், முனை காய்ந்து கிடக்கிறது. என் கணக்கு இதுதான்: இன்ஜினை மேலே மூடும் டேப்பட் கவரின் பேக்கிங்கோடு வரும் குழி சீல் கசிகிறது, ஆயிலில் ஊறிய பூட் வழியாகக் கரண்ட் வெளியே பாய்கிறது, முனையில் தீப்பொறி விட்டுவிட்டு வருகிறது, எரியாத பெட்ரோல் கரியாகப் படிகிறது.

நாலில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முனை வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. அப்புறம், பீங்கானில் உலோகத்துக்குச் சற்று மேலே இந்தப் பழுப்பு வளையம் தெரிகிறதா? இன்ஜினுக்குள்ளிருந்து கேஸ் லீக் என்று இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது கரோனா கறை. உயர் மின்னழுத்தத்தால் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்கள் ஒட்டிக்கொள்வது, அவ்வளவுதான்.

ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை வைத்து, தீப்பொறி தாண்டும் இடைவெளியை, அதாவது கேப்பைப் பார்த்தால் 1.3 மில்லிமீட்டர். என் வண்டியின் கையேட்டில் இருப்பது 1.0 முதல் 1.1 வரை. நாலுமே தேய்ந்துவிட்டன. கடைசியாக எப்போது மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை, அது என் தப்பு.

ரிங் சந்தேகத்தைத் தீர்க்கக் சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கி வந்திருக்கிறேன். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கியாகிவிட்டது, நாலு காயிலும் வெளியே இருக்கின்றன. அப்பா உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடிக்கிறார். 172... 168... 170... 171 பிஎஸ்ஐ. பார்த்தீர்களா, நாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ரிங் போகவில்லை. ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்கணும். நமக்கு அந்த வேலையே இல்லை.

புது பிளக்கைப் போடும்போது, அதன் மேல்பக்கத்தில் ஒரு ரப்பர் டியூப்பைச் செருகிக் கையாலேயே திருகுங்கள். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது. வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் வேண்டாம்.

நாலு பிளக், ஒரு பேக்கிங் செட், 2-க்கு ஒரு ரப்பர் பூட். ஸ்பேர்ஸ் கடையை ஒரு மணிக்கெல்லாம் சாத்திவிடுவார், அதனால் கேமராவை இங்கேயே நிறுத்திவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரில் கிளம்புகிறேன்.