குளக்கட்டுப் பிள்ளை

தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா, கமக்காரர் அமைப்புத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற அதிபர் ஐயா (நாலாம் வகுப்பில் எனக்குப் பிரம்பு காட்டியவர், இன்றைக்கும் அவரைக் கண்டால் என் கை தானாகக் கட்டிக்கொள்கிறது), வெயிலுக்குள் கதிரை தூக்கிய பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம். யாரையும் விட்டிருந்தால் குறை நினைக்க வேண்டாம், வயது போகிறது.

2025 மே 6ஆம் திகதி பிரதேச சபைத் தேர்தலில் நம் வட்டாரத்தில் நிற்கும் தங்கச்சியைப் பற்றி மூன்று விடயம் பேசச் சொன்னார்கள்: ஊர், படிப்பு, சேவை. ஊர் இதுதான், ஒட்டுசுட்டான் பக்கம், குளக்கட்டில் நின்று கூப்பிட்டால் கேட்கிற வளவு. 2009இல் எங்களோடு இடம்பெயர்ந்து, மெனிக்பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் இருந்து படித்தவள். திரும்பி வந்தபோது வளவில் கிணறும் ஒரு பாலை மரமும்தான் மிச்சம். முன்பள்ளி ஆசிரியையான கதையை அதிபர் ஐயா சொல்வார். நான் குளத்துக்கு வருகிறேன்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார் என் அம்மம்மா. நாங்கள் போடவில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் வெள்ளம் ஏறியது நினைவிருக்கும். அந்த இரவு எங்கள் குளக்கட்டில் உடும்புப் பொந்து வழியாகத் தண்ணீர் கசிந்ததை முதலில் கண்டவள் இவள்தான். போனில் சிக்னல் இல்லை. நேரே கோயிலுக்கு ஓடி, குருக்கள் ஐயாவை எழுப்பி, பற்றறியில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள். திருவெம்பாவைக் காலம், ஊரே பாட்டுத்தான் தொடங்குகிறது என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தது. நானும் அப்படியே நினைத்துக் குளித்து, திருநீறு பூசி, பாட்டோடு தட்டுகிற சேமக்கலத்தைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனேன். மனைவி பின்னால் கத்துகிறாள், "மணி பன்னிரண்டரை, எங்கயப்பா போறியள்?" கோயிலடிக்குப் போனால் இந்தப் பிள்ளை மைக்கில் அழாத குறையாக, "குளம் உடையப்போகுது, மண்வெட்டியோட வாங்கோ!" என்கிறாள். என்னைப் பார்த்தாள், கையில் இருந்ததையும் பார்த்தாள். "அண்ணை, அதை அடிச்சுக்கொண்டு மேற்கு ஒழுங்கைக்கு ஓடுங்கோ" என்றாள். ஓடினேன். விடியுமுன் உரப்பையில் மண் நிரப்பி அடுக்கி, மிஞ்சிய தண்ணீர் வழிகிற வானையும் வெட்டி அகலமாக்கினோம். கட்டு நின்றது.

கட்சிக்காரர் எனக்கு வேறு குறிப்பும் தந்தார்கள், வீதி விளக்கு, சந்தை, நூலகம் என்று. அவையும் தேவைதான். ஆனால் 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. சபைக்கு என்ன வேலை என்று ஒரு தம்பி கேட்டார். குளத்து நீர் வடியும் மதகும் வடிகாலும் யாருடைய வீதியில் இருக்கின்றன தம்பி? அதோடு ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போது தூர்வாரச் சொல்லி, கட்டில் முளைத்த பற்றையை வெட்டச் சொல்லி, கந்தோர் கந்தோராக ஏற ஓர் ஆள் வேண்டும். மழை தொடங்கியபின் மனுக் கொடுத்து என்ன பயன்? வெள்ளம் வருமுன் அணை!

சபையில் பெண்களுக்கு 25 வீத இடம் என்ற சட்டத்துக்காகப் பட்டியலில் போட்ட பெயர் இது இல்லை, வட்டாரத்தில் நேரே நிற்கிறாள்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளக்கட்டில் சிரமதானம். மண்வெட்டி கொண்டுவாருங்கள். சேமக்கலத்தை நான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.