தண்ணீரில் ஓடிய காரின் கிளட்சும் கியர்பாக்ஸும்

வணக்கம் நேயர்களே.

வெள்ளத்தில் ஓட்டி வந்த காரில் இரண்டு விதமான தொல்லைகள் வரும். கிளட்ச் நழுவுவதும், மறுநாள் கியர் விழாமல் போவதும் உடனே தெரிந்துவிடும். அதைப் பார்த்து எல்லோரும் பதறிப்போவார்கள். மற்றது கியர்பாக்ஸுக்குள் புகுந்த தண்ணீர். வண்டி நன்றாகவே ஓடும், கியரும் ஒழுங்காக விழும். சில மாதங்கள் கழித்துப் பேரிங் இரையத் தொடங்கும்போது வெள்ளத்தின் நினைவே யாருக்கும் வராது. உண்மையில் பதற வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான். முதல் தொல்லை பெரும்பாலும் எதையும் கழற்றாமலே தீர்ந்துவிடும்.

எஞ்சின் தண்ணீருக்குள் அணைந்திருந்தால் அதை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் கிளட்சைப் பற்றிப் பேசுவதற்கே இடமிருக்காது. இனிச் சொல்லப்போவது எல்லாம் எஞ்சின் நல்லபடியாக இருக்கும் வண்டிக்கு.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள பெல் ஹவுசிங்கில்தான் கிளட்ச் இருக்கிறது. அந்தக் கூடு தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டதல்ல. அடியில் வடிகால் துளை இருக்கும், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டால் உள்ளே வந்துவிடும், வடிந்தால் தானாகவே வெளியேறும். ஆனால் கூடவே வந்த வண்டல் வெளியேறாது. தண்ணீருக்கு நடுவே கிளட்சை மிதிக்கும்போது கிளட்ச் பிளேட்டுக்கும், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி திறக்கிறது. சேறு போய் உட்காருவது அங்கேதான். முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு, கியர் மாற்றாமல் ஒரே சீராகக் கடக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. சைலன்சருக்குள் தண்ணீர் ஏறிவிடுமோ என்ற பயத்தில், கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு போவார்கள். அந்தச் சில நிமிடங்களில் பிளேட் காய்ந்து கருகி, அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும். வெள்ளத்துக்குப் பின் மாற்றப்படும் கிளட்ச் பிளேட்டுகளில் தண்ணீர் கெடுத்தவையும் உண்டு, கால் கெடுத்தவையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. ஈரத்தால் நழுவும் கிளட்ச் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் உராய்வின் சூடே ஈரத்தை விரட்டிவிடும். கருகியதும் எண்ணெய் பட்டதும் அப்படிச் சரியாகாது. அன்றைக்கே தெரிந்துகொள்ள, ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். வேகமும் எஞ்சின் சுழற்சியும் சேர்ந்து ஏறினால் நல்லது. சுழற்சி மட்டும் எகிறி, வேகம் அப்படியே நின்றால் பிளேட் நழுவுகிறது. கிளம்பும்போது மட்டும் வண்டி அதிர்ந்து குலுங்கினால், உள்ளே வண்டல் ஒட்டியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது நனைந்த வண்டியை அப்படியே நிறுத்தி வைப்பதால் வருவது. ஃப்ளைவீலும், கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. ஈரமான பிளேட்டை நடுவில் இறுக்கிப் பிடித்தபடி நாலைந்து நாள் நின்றால், துரு மூன்றையும் ஒட்டிவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிளேட் விடுபடாது. எஞ்சின் ஓடும்போது கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும், அல்லது விழவே விழாது. இங்கே ஒரு சோதனை உண்டு, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தால் விழுகிறது, ஓடினால் விழவில்லை என்றால் கோளாறு கிளட்சில் இருக்கிறது. அணைத்தாலும் விழவில்லை என்றால் கியர் கேபிள், கியர் லீவரை இணைக்கும் தண்டுகளான லிங்கேஜ், அல்லது கியர்பெட்டியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்.

ஒட்டிப்போன கிளட்சை விடுவிக்க, முதலில் அபாயமில்லாத வழியைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, இரண்டாம் கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை முழுதாக மிதித்துக்கொள்ள, இருவர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித் தள்ள வேண்டும். மெல்லிய துரு இதிலேயே விட்டுக்கொடுத்துவிடும். விடவில்லையென்றால் நியூட்ரலில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, சூடு பெல் ஹவுசிங்குக்கு இறங்கிய பின் மறுபடி ஆட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் அடுத்தது. முன்னால் ஆளோ சுவரோ இல்லாத திறந்த வெளியில் வண்டியை வைத்து, எஞ்சினை அணைத்து, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்வது. வண்டி துள்ளி நகரும், அதை எதிர்பார்த்தே உட்காருங்கள். கிளட்சை விடாமல் ஆக்சிலேட்டரை அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து ஓட்டினால் சற்று நேரத்தில் ‘டக்’ என்ற சத்தத்தோடு பிளேட் விடுபடும். பிரேக்கை மிதித்தால் எஞ்சினும் வண்டியும் சேர்ந்தே நிற்கும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு நாலைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது.

பிளேட் விடுபட்ட பிறகும் கியர் கடினமாகவே விழுந்தால், கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் துரு ஏறி, பிளேட் அதன்மேல் வழுக்கி நகர முடியாமல் இருக்கலாம். இதற்குப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். கிளட்ச் கேபிளின் உறைக்குள் தண்ணீர் நின்றால் மிதி கனக்கும், அந்தக் கேபிளை மாற்றிவிடுவதே மேல். திரவத்தில் இயங்கும் கிளட்சாக இருந்தால், டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் ஈரத்தை உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். மிதி பஞ்சுபோல இறங்கினால் திரவத்தை மாற்றி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.

சத்தங்களைக் காதால் பிரித்தறியலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் இரைந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். இரண்டாவது சத்தம் கேட்டால், ஆயிலில் தண்ணீர் கலந்து நாளாகிவிட்டிருக்கலாம்.

அந்த ஆயிலுக்கு வருவோம். ஓடிய கியர்பாக்ஸ் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று மூழ்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, காற்று போய்வரும் துளையான பிரீதர் வழியாகவோ, சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஆயில் சீலின் உதட்டைத் தாண்டியோ தண்ணீர் உறிஞ்சப்படும். அந்த சீல் உள்ளிருக்கும் ஆயிலைத் தடுத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டது, வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பதற்காக அல்ல. ஆகவே தண்ணீர் பெட்டியின் பாதி உயரத்தைத் தொட்டிருந்தாலே, வண்டி எவ்வளவு சுகமாக ஓடினாலும் ஆயிலைப் பார்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் பார்ப்பது நல்லது, கடல்நீர் கலந்திருந்தால் அன்றைக்கே.

வண்டியைச் சமதளத்தில், உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள், அதன் பின்தான் கீழே உள்ள வடிகால் பிளக். வடித்த பிறகு மேல் பிளக் திறக்க மறுத்தால் காலிப் பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியென்றால் கீழ் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் நிற்கும், ஆகவே அதுவே முதலில் சொட்டும். ஓட்டிக் கலக்கியிருந்தால் வடியும் ஆயிலே பால்போல வெளுத்திருக்கும். இரண்டும் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதிலும் துருநிறமும் நல்ல அறிகுறி அல்ல.

வெளுத்த ஆயிலை ஒரு தடவை மாற்றினால் போதாது. சிறிய முன்சக்கர இயக்கக் கார்களில் கையால் கியர் மாற்றும் பெட்டிக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும், அதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அதே தரத்தில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் எல்லாக் கியரிலும் ஓட்டி, சூட்டோடு வடித்துவிடுங்கள். வடிவது தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மூலைகளில் தங்கும் அந்த எண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்யும், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக ஊற்றும் ஆயில் வண்டியின் கையேட்டில் சொன்ன தரமாகவே இருக்கட்டும். ஜி.எல். 4 என்ற தர வகை ஆயிலைக் கேட்கும் பெட்டியில் ஜி.எல். 5 ஊற்றினால், சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்ப்பு கியர்கள் அரைக்காமல் சேர உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. பெரும்பாலான பெட்டிகளில் ஊற்றும் துளையின் விளிம்பைத் தொட்டு வழியும் வரை ஊற்றினால் அளவு சரி. பிளக் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், ஈரம் கசிந்த சீலை மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை வடித்துப் பாருங்கள். பின்சக்கர இயக்க வண்டியில் பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியலுக்கும் தனி ஆயில், தனி பிரீதர் உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் காத்திருக்க நேரமே இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் படலம் காகித வகை. தண்ணீர் பட்டால் அது ஊறி, ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். சிவப்பு ஆயில் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் எஞ்சினையே இயக்காதீர்கள். அடித்தட்டை வடித்தால் மட்டும் போதாது, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் பெரும் பகுதி தங்கிவிடும். முழுதாக மாற்றும் கருவி உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும்போதும் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, உள்ளே சுழல்பவை வறண்டு தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியையே வரச் சொல்லுங்கள்.